மூன்றாவது படி எங்கே?

திருவள்ளூரிலிருந்து திருத்தணி செல்லும் சாலையில் சிறிது தூரம் போனால் திருப்பாச்சூர் வரும். தேவாரப் பாடல் பெற்ற வாசீசுவரர் கோயில் அங்கேதான் இருக்கிறது. அதன் கற்சுவர்களில் பழங்காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கோயில் கல்வெட்டு என்றாலே ஏதோ மன்னர் புகழ் என்று நினைத்துவிடக் கூடாது. நிலம் எவ்வளவு, விளக்கு எரிக்க ஆடு எத்தனை, யார் பொறுப்பு என்று பெரும்பாலும் கணக்குத்தான் இருக்கும்!

கருங்கல்லில் வெட்டிய கணக்கு அழியுமா என்று நீங்கள் கேட்கலாம். சுவரையே இடிக்க வேண்டி வந்தால் என்ன செய்வது? கொள்ளிடத்தின் வடகரையில் உள்ள திருமழபாடியில் அப்படி ஒரு நிலைமை வந்தது. முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் அவ்வூர்க் கோயிலின் கருவறையை இடித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்டான். இடிப்பதற்கு முன் சுவர்களில் இருந்த கல்வெட்டுகளையெல்லாம் ஏட்டில் படியெடுக்கச் சொன்னான். அவன் மகன் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், அதாவது பத்து ஆண்டுகளுக்கும் மேல் கழிந்த பிறகு, ஏட்டிலிருந்த வாசகங்கள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இந்தச் செய்தியையும் ஒரு கல்வெட்டே நமக்குச் சொல்கிறது.

இதைத்தான் இன்று கணிப்பொறிக்காரர்கள் 'பேக்கப்' என்கிறார்கள். நாம் காப்புப் படி என்று சொல்வோம். திருமழபாடியில் நடந்தது இரண்டு வேலை என்பதைக் கவனியுங்கள். ஒன்று படியெடுத்தது, மற்றொன்று அதைத் திரும்ப வெட்டியது. இரண்டாவதை மறந்துவிடாதீர்கள், பின்னால் அது தேவைப்படும்.

இப்பொழுது திருவள்ளூரை அடுத்த காக்களூர் தொழிற்பேட்டைக்கு வருவோம். அங்கே ஒரு சிறு பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெரிய தொழிற்சாலைகளுக்கு இரும்புப் பாகங்கள் கடைந்து கொடுப்பது அதன் தொழில். மூலையில் ஒரு மேசை, மேசைமேல் ஒரு கணிப்பொறி. பாகங்களின் வரைபடங்கள், சி.என்.சி. இயந்திரத்துக்கான கட்டளைகள், பில்கள், தொழிலாளர் சம்பளக் கணக்கு எல்லாம் அதற்குள்தான். ஜி.எஸ்.டி. கணக்கை ஆண்டு அறிக்கையின் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்க வேண்டும் என்பது சட்டம். கடைசல் இயந்திரம் பழுதானால் ஆளைக் கூப்பிட்டுச் சரி செய்யலாம், கடன் வாங்கி வேறு வாங்கலாம். ஆறு ஆண்டுக் கணக்கை எந்தக் கடையில் வாங்குவது?

அந்தக் கணக்கு எதன்மேல் எழுதப்பட்டிருக்கிறது? ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே காந்தப் பூச்சுள்ள வட்டத் தகடுகள் சுழல்கின்றன. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று! எழுதவும் படிக்கவும் உதவும் முனை தகட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளி அது. சுழலும்போது ஒரு பலத்த அதிர்ச்சி ஏற்பட்டால் முனை தகட்டை உரசிவிடும். உரசிய இடத்தில் இருந்த செய்தி போயிற்று. பென் டிரைவிலும் எஸ்.எஸ்.டி.யிலும் சுழலும் பாகம் கிடையாது. அவற்றில் நுண்ணிய அறைகளில் சிறைப்பட்ட மின்னூட்டம்தான் எழுத்து. பல ஆண்டுகள் மின்சாரமே காட்டாமல் அலமாரியில் போட்டு வைத்தால் அந்த மின்னூட்டம் மெல்லக் கசிந்துவிடக்கூடும்.

ஆகவே எந்தப் பொருளும் ஒரு நாள் கைவிடும் என்று வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட வேண்டும். நீங்கள் படிக்கும் நிகழ்தகவுக் கணக்கே இதற்குப் போதும். ஒரு டிஸ்க் ஓர் ஆண்டில் பழுதாகும் வாய்ப்பு 50இல் 1 என்று கொள்வோம். இரண்டு டிஸ்க்கில் ஒரே செய்தி இருந்தால், இரண்டும் அதே ஆண்டில் பழுதாகும் வாய்ப்பு 50 × 50, அதாவது 2500இல் 1. மூன்று இருந்தால் 1,25,000இல் 1. அடேயப்பா, மூன்று படி எடுத்தால் கவலையே இல்லை போலிருக்கிறதே!

அவசரப்படாதீர்கள். பெருக்கலாம் என்று உங்கள் கணித ஆசிரியர் எப்பொழுது சொன்னார்? நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராதிருந்தால் மட்டுமே பெருக்கலாம். நம் பட்டறைக்காரர் மூன்று டிஸ்க்குகளையும் ஒரே மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்து, சிறு தொழிற்கூடங்களில் இயந்திரங்கள் நீரில் நின்றன. அப்படி ஒரு வெள்ளம் வந்தால் இழுப்பறையில் ஒரு டிஸ்க் இருந்தால் என்ன, மூன்று இருந்தால் என்ன? எல்லாம் சேர்ந்தே நனையும். 1,25,000 என்ற எண் அந்த நிமிடமே பொய்யாகிவிடுகிறது.

பெரிய இடங்களிலும் இந்தக் கதைதான். தென் கொரியாவின் தேஜோன் நகரில் அரசின் கணிப்பொறி மையம் ஒன்று உண்டு. 2025 செப்டம்பர் 26 அன்று அங்கே மின்கலங்களில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேர்த்து வைத்திருந்த 858 டெராபைட் கொள்ளளவுள்ள களஞ்சியம் சாம்பலாயிற்று. வேறு இடத்தில் அதற்குப் படி இல்லை. அளவு மிகப் பெரிது, படியெடுக்க முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். பெரிதாக இருப்பதற்குத்தானே படி முக்கியம்?

நீரும் நெருப்பும் கண்ணுக்குத் தெரிந்த பகை. தெரியாத பகையும் உண்டு. 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற கெடு நிரல் சில நாட்களில் சுமார் 150 நாடுகளில் பரவியது. அது கோப்புகளை அழிக்கவில்லை. இரகசியச் சாவி போட்டுப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இப்படிப்பட்ட நிரல்கள் கணிப்பொறியில் செருகியிருக்கும் வெளி டிஸ்க்கையும் விடுவதில்லை. காப்புப் படி என்று பெயர் வைத்து இருபத்து நான்கு மணி நேரமும் செருகியே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். படியெடுத்ததும் கழற்றி விட வேண்டும்.

"எங்கள் வீட்டுப் படங்கள் எல்லாம் இணையத்தில் ஏறிவிடுகின்றன, எங்களுக்கென்ன?" என்று சிலர் சொல்வார்கள். இணையச் சேமிப்பு நல்லதுதான். வெள்ளம் அங்கே எட்டாது. ஆனால் பல செயலிகள் செய்வது படியெடுப்பு அன்று, ஒத்திசைவு. இங்கே நீங்கள் தவறுதலாக ஒரு படத்தை அழித்தால், நல்ல வேலைக்காரனைப் போல் அங்கேயும் அழித்துவிடும். பழைய வடிவங்களைச் சில நாட்களாவது வைத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது அவசியம்.

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர், படங்களைக் காப்பது பற்றி எழுதும்போது '3-2-1' என்று ஒரு விதி சொன்னார். செய்தி மூன்று படிகளாக இருக்கட்டும். இரண்டு வகைச் சாதனங்களில் இருக்கட்டும். ஒன்றாவது வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ இருக்கட்டும். இந்த விதியில் 3 என்ற எண்ணைத்தான் எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால் கடைசி 1தான் உயிர். நாம் போட்ட பெருக்கல் கணக்கை ஓரளவாவது உண்மையாக்குவது அதுதான்.

காக்களூர்ப் பட்டறைக்கு இது கட்டுப்படியாகுமா? ஆகும். இரண்டு வெளி டிஸ்க்குகள் வாங்கி, வாரத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் படியெடுக்கலாம். ஒன்று பட்டறையில் இருக்கும்போது மற்றது திருப்பாச்சூரிலோ வேறெங்கோ உள்ள வீட்டு அலமாரியில் மேல்தட்டில் இருக்கும். ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் படியெடுக்கவும் தேவையில்லை. ஒவ்வொரு கோப்பிலும் கடைசியாகத் திருத்திய நேரம் பதிவாகியிருக்கும். ஞாயிறன்று முழுப் படி எடுத்துவிட்டால், திங்கள் முதல் அன்றன்று மாறிய கோப்புகளை மட்டும் எடுத்தால் போதும். மொத்தம் 100 கிகாபைட் இருந்தாலும் ஒரு நாளில் மாறுவது அரை கிகாபைட்கூட இராது. ஆனால் இதில் ஒரு சிக்கல். வியாழக்கிழமை கணிப்பொறி கெட்டால் ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் நான்கு படிகளும் வரிசையாக வேண்டும். நடுவில் செவ்வாய்ப் படி கெட்டிருந்தால் அன்று மாறிய கோப்புகள் போயின. அதனால்தான் வாரம் ஒரு முறையாவது முழுப் படி.

எடுத்த படி நன்றாக இருக்கிறதா என்று எப்படி அறிவது? திருமழபாடியின் இரண்டாவது வேலைக்கு இப்பொழுது வந்துவிட்டோம். அமெரிக்காவின் பிக்சார் நிறுவனம் 1998இல் 'டாய் ஸ்டோரி 2' என்ற கார்ட்டூன் படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தது. யாரோ தவறான கட்டளை ஒன்றைக் கொடுத்துவிட, படத்தின் கோப்புகள் கண்ணெதிரே மறையத் தொடங்கின. பெரும் பகுதி போய்விட்டது. பரவாயில்லை, காப்புப் படிதான் இருக்கிறதே என்று எடுத்துப் பார்த்தால், அது சில வாரங்களாகவே சரியாகப் பதிவாகவில்லை! ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநருக்கு அப்பொழுது கைக்குழந்தை இருந்ததால், வீட்டிலிருந்து வேலை செய்வதற்காகப் படத்தின் படி ஒன்றைத் தம் வீட்டுக் கணிப்பொறியில் வைத்திருந்தார். அந்தக் கணிப்பொறியைப் போர்வைகளில் சுற்றி, காரின் பின்னிருக்கையில் வைத்து, குழந்தையைக் கொண்டு வருவதுபோல் அலுவலகத்துக்குக் கொண்டு வந்தார்கள்.

உங்கள் வீட்டில் காப்புப் படி இருந்தால் இந்த ஞாயிறு ஒரு சோதனை செய்து பாருங்கள். ஏதாவது ஒரு பழைய கோப்பைத் தேர்ந்தெடுங்கள். மூலத்தைத் தொடாமல், காப்புப் படியிலிருந்து அதை வேறொரு கணிப்பொறிக்கு ஏற்றித் திறந்து பாருங்கள். எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். கடவுச்சொல் நினைவில் இருந்ததா என்பதையும்தான்.