கடலூரில் ஓடிய புரோகிராம் சிதம்பரத்தில் நின்றது ஏன்?



பஸ் போகும் ஊர்களைத் தமிழில் தேடித் தரும் சின்ன சி புரோகிராம் ஒன்று எழுதினேன். ‘கடலூர்’ என்று கொடுத்தேன், ஜோராக ஓடியது. ‘சிதம்பரம்’ என்று கொடுத்தேன், பாதியில் படுத்துவிட்டது. “நடராஜருக்குக் கோபம்டா!” என்றான் பக்கத்து சீட் நண்பன். கோபம் அவருக்கில்லை. தப்பு நான் வைத்த பெயரில் இருந்தது.

ஊர்ப் பெயருக்கு 20 இடம் கொண்ட அர்ரே ஒதுக்கி, அந்த அளவுக்கு ‘லென்’ என்று பெயரிட்டிருந்தேன். லென் என்றால் எழுத்தா, பைட்டா? சிதம்பரம் ஆறெழுத்துதானே, 20 தாராளம் என்று நினைத்துவிட்டேன். ஆனால் யூடிஎஃப்-8 முறையில் புள்ளி, கொம்பு, கால் எல்லாமே தனிக் குறியீடு. ஒவ்வொன்றுக்கும் 3 பைட். கடலூர் 6 குறியீடு, 18 பைட். ஸ்டிரிங் முடிவைக் காட்டும் பூஜ்யத்தோடு 19. தப்பித்தது! சிதம்பரம் 9 குறியீடு, 27 பைட், பூஜ்யத்தோடு 28. ஸ்டிர்காப்பி இடம் இருக்கிறதா என்று பார்க்காது. பக்கத்து மெமரியிலும் எழுதிக்கொண்டே போகும்.

“ஸ்டிர்என்காப்பி போடு, 20-ல நின்னுடும்” என்றான் நண்பன். நிற்கும், ஆனால் பெயர் நீளமானால் கடைசியில் பூஜ்யம் வைக்காது. நாமே 20-வது இடத்தில் வைத்தாலும் ‘சிதம்ப’ வரைதான் முழுசாக வரும். ‘ர’வின் ஒரு பைட் மட்டும் தொங்கும். எஸ்என்பிரின்ட்எஃப் மேல். பூஜ்யமும் வைக்கும், முழுப் பெயருக்கு 27 பைட் என்றும் சொல்லும். அது 20-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ பெயர் வெட்டுப்பட்டது என்று அர்த்தம்.

திருத்தும்போது இன்னொரு குழியில் விழுந்தேன். ஸ்டிர்கம்ப், இரண்டு ஸ்டிரிங்கும் ஒன்றானால் 0 தரும். சியில் 0 என்றால் ‘இல்லை’. அந்த விடையை அப்படியே ‘ஃப்ளாக்’ என்று வைத்து, ஃப்ளாக் இருந்தால் ‘ஊர் கிடைத்தது’ என்று அச்சிட்டேன். கடலூரைக் கேட்டால் கடலூர் தவிர எல்லா ஊரும் கிடைத்தன!

கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால், எண்ணைச் சொன்னதுமே மீனவருக்கு அர்த்தம் புரிகிறது. நம் ஃப்ளாக்கும் அப்படி இருக்க வேண்டாமா? எனவே நான் இப்போது கடைப்பிடிப்பவை:

1. அளவின் பெயரிலேயே அலகு இருக்கட்டும்: ‘பைட்_அளவு’, ‘எழுத்து_எண்ணிக்கை’.

2. ஃப்ளாக்கின் பெயர் ஆம்-இல்லை கேள்வியாக இருக்கட்டும்: ‘கிடைத்ததா’, ‘வெட்டுப்பட்டதா’. 1 என்றால் எப்போதும் ஆம்.

3. ‘ஸ்டிர்’ என்பதை அடுத்துச் சின்ன எழுத்து வரும்படி சொந்த ஃபங்ஷனுக்குப் பெயர் வைக்காதீர்கள். சி தரநிர்ணயம் அவற்றைத் தனக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது.

“பெயர் நீளுமே?” என்பீர்கள். 1989-ன் தரநிர்ணயம், ஃபைல் விட்டு ஃபைல் போகும் பெயர்களில் முதல் 6 எழுத்துக்குத்தான் உறுதி தந்தது. 1999-ல் அது 31 ஆகிவிட்டது. இனி என்ன கஞ்சத்தனம்? நம் கோடை நாளைக்கு ஒரு ஜூனியர் படிப்பான்; அவனும் சிதம்பரம் போய்ச் சேர வேண்டுமே!