குடும்ப வேனின் அடியில் ஒளிந்திருந்த ஆபத்து!
இருசை உப்பு தின்ற கதை

வேன் ஓடிக்கொண்டிருக்கிறது. தாய் ஓட்டுகிறாள். பின்னால் குழந்தைகள். பாதையில் ஒரு பள்ளம். சக்கரம் இறங்கி ஏறுகிறது.

"டமார்!"

பின்பக்கம் ஒரு சத்தம். வேனின் பின்பாதி ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. தாய் ஸ்டியரிங்கைத் திருப்புகிறாள். முன் சக்கரங்கள் சொன்னபடி கேட்கின்றன. பின் சக்கரங்கள் கேட்கவில்லை!

டயர் வெடித்துவிட்டதா? இல்லை. டயர் முழுசாக இருக்கிறது. முறிந்துபோனது இருசு. பின் சக்கரங்கள் இரண்டையும் பிணைத்து வைத்திருக்கும் இரும்பு அச்சு!

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் பின் இருசு முறிந்ததாக நூற்றுக்கணக்கான புகார்கள் அமெரிக்க சர்க்காருக்கு நிஜமாகவே வந்தன. எல்லாம் ஒரே ரக வேனைப் பற்றிய புகார்கள். போர்டு மோட்டார் கம்பெனியின் "விண்ட்ஸ்டார்" என்ற வேன் அது. 1998 முதல் 2003 வரையிலான மாடல்கள்.

வேன் ஓட்டியவர்கள் செய்த தப்பு ஒன்றும் இல்லை. அப்படியானால் இருசை முறித்தது யார்?

சாப்பாட்டில் போடுகிறோமே, அதே உப்புதான்!

ஐந்து நட்சத்திர வண்டி

மினிவேன் என்பது அமெரிக்கக் குடும்பங்களுக்காகவே பிறந்த வண்டி. 1983-ம் ஆண்டு கிரைஸ்லர் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓட்டுவதற்குக் கார் மாதிரி இருக்கும். உள்ளே வேன் மாதிரி இடம் இருக்கும். பக்கத்தில் தள்ளு கதவு. ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் கோடை விடுமுறைப் பயணத்துக்கும் ஒரே வண்டி போதும்.

மற்றக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? அவைகளும் மினிவேன் செய்தன. போர்டு கம்பெனி 1994-ல் விண்ட்ஸ்டாரைக் கொண்டுவந்தது. கனடா நாட்டில் ஓக்வில் என்ற ஊரில் உள்ள தொழிற்சாலையில் அது தயாராயிற்று.

அமெரிக்க சர்க்கார் புது வண்டிகளைச் சுவரில் மோதவிட்டுச் சோதிப்பது உண்டு. உள்ளே பொம்மை மனிதர்களை உட்காரவைத்து, அடி எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பார்கள். பிறகு நட்சத்திரம் கொடுப்பார்கள். விண்ட்ஸ்டாருக்கு முன்பக்க மோதலில் ஐந்து நட்சத்திரம் கிடைத்தது. அதற்கு மேல் நட்சத்திரம் கிடையாது! குழந்தை குட்டி உள்ளவர்கள் நம்பி வாங்கினார்கள்.

நம்பியதில் தவறு இல்லை. சோதனையும் பொய் இல்லை. ஆனால் சுவரில் மோதவிட்டது புது வண்டி. பத்து வருஷம் குளிரிலும் சேற்றிலும் ஓடிய வண்டியை யாரும் மோதவிட்டுப் பார்க்கவில்லை.

முறுக்கிக்கொள்ளும் இருசு

மாட்டு வண்டியின் இருசு எல்லோருக்கும் தெரியும். இரண்டு சக்கரமும் அதில்தான் மாட்டி இருக்கும். இருசு முறிந்தால் வண்டி குடைசாயும்.

மினிவேனின் பின் இருசும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்கிறது. விண்ட்ஸ்டாரை இழுப்பது முன் சக்கரங்கள். பின் சக்கரங்கள் கூடவே உருண்டு வருகின்றன. ஆகவே பின் இருசு சுற்றுவது கிடையாது. இரண்டு சக்கரங்களையும் நேராகப் பிடித்துக்கொண்டு குறுக்கே கிடக்கிறது.

ஆனால் இது கெட்டியான உருட்டுக் கம்பி அல்ல. எஃகுத் தகட்டை மடித்துக் குழிவாகச் செய்தது. ஏன் அப்படி?

ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்குகிறது. மற்றொன்று மேட்டில் நிற்கிறது. இருசு கொஞ்சமும் வளைந்து கொடுக்காவிட்டால், வண்டியே ஒரு பக்கம் சாயும். உள்ளே இருப்பவர்களுக்கு இடுப்பு ஒடியும்! அதனால் இருசு நடுவில் முறுக்கிக்கொள்ளும்படி செய்கிறார்கள். ஈரத்துணியைப் பிழிவதுபோல இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். உடனே பழைய நிலைக்கு வந்துவிடும். இரண்டு பக்கமும் சுருள் வில் உண்டு. அவை பாரத்தைத் தாங்கும்.

நல்ல யோசனைதான். விலை குறைவு, இடமும் மிச்சம். இன்றைக்கும் எத்தனையோ சிறிய கார்களில் இந்த மாதிரி இருசுதான் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒரு குறையும் இல்லாமல் ஓடுகின்றன.

ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? ஒரு நேரத்தில் பட்டென்று ஒடியும். இரும்புக்கும் களைப்பு உண்டு. புது இருசில் இந்தக் களைப்பு வராமல் கனமும் அளவும் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் தகட்டைத் துரு அரித்து மெலிதாக்கிவிட்டால் அந்தக் கணக்கு தப்பிவிடுகிறது. துரு தோண்டிய ஒரு சின்னக் குழியிலிருந்து விரிசல் புறப்படுகிறது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அது மயிரிழை மயிரிழையாக நீளுகிறது.

பாதையெல்லாம் உப்பு

அமெரிக்காவின் வடக்குப் பகுதியில் குளிர்காலத்தில் பனி கொட்டும். பாதையில் விழுந்த பனி, கண்ணாடி மாதிரி இறுகும். அதில் மோட்டார் ஓட்டினால் வழுக்கும். ஆகவே லாரி லாரியாக உப்பைக் கொண்டுவந்து பாதையில் தூவுகிறார்கள்.

தண்ணீர் 0 டிகிரியில் உறையும். நூற்றுக்குப் பத்துப் பங்கு உப்புக் கரைந்த தண்ணீர் அப்படி உறையாது. பூஜ்யத்துக்குக் கீழே 6 டிகிரி வரைக்கும் தண்ணீராகவே இருக்கும். அதனால் பனி இளகிவிடுகிறது. உயிர்கள் தப்புகின்றன. வருஷத்துக்குச் சுமார் 2 கோடி டன் உப்பு அமெரிக்கப் பாதைகளில் இப்படிக் கொட்டப்படுகிறது!

டெட்ராய்ட் நகரத்தின் பெயர் மோட்டார் உலகில் பிரசித்தம். போர்டு கம்பெனியின் தலைமை இடம் அதன் பக்கத்து ஊரான டியர்பார்னில் இருக்கிறது. அந்தப் பகுதியின் பூமிக்கு அடியில், சுமார் 1,200 அடி ஆழத்தில், ஒரு பெரிய உப்புச் சுரங்கம் இருக்கிறது. பாதையில் தூவும் உப்பு அங்கிருந்து வருகிறது. மேலே இரும்பு வண்டி. கீழே இரும்பைத் தின்னும் உப்பு!

பனியை இளக்கிய உப்புத் தண்ணீர் சும்மா போகாது. சக்கரம் அதை வாரி வண்டியின் அடியில் அடிக்கிறது. சாதாரண ஈரத்தில் பிடிக்கும் துருவைவிட உப்பு ஈரத்தில் பிடிக்கும் துரு வேகமானது. வண்டியின் மேல்பாகத்துக்கு நல்ல வர்ணம் உண்டு; துடைப்பவர்களும் உண்டு. அடிப்பாகத்தைத் துடைப்பவர் யார்?

விண்ட்ஸ்டாரின் இருசில் உள்ள குழிவில் இந்த உப்பும் ஈரமும் சேறும் புகுந்து தங்கின. வெளியே பார்த்தால் கறுப்பு வர்ணம் பூசிய இருசு கம்பீரமாகத் தெரியும். உள்ளே தகடு பொரிந்துகொண்டே வந்தது. செல்லரித்த உத்தரம் மாதிரி!

சர்க்கார் தலையிட்டது

மோட்டார்களின் பத்திரத்தைக் கவனிக்க அமெரிக்காவில் 1966-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. குறையுள்ள வண்டியைக் கம்பெனி திரும்ப அழைக்க வேண்டும். 1974-ல் சட்டத்தை இன்னும் இறுக்கினார்கள். குறையைக் காசு வாங்காமல் சரிசெய்ய வேண்டும் என்று ஆயிற்று.

2010-ம் ஆண்டு மே மாதம், பாதைப் பாதுகாப்பு இலாகா விண்ட்ஸ்டாரைப் பற்றி விசாரணை தொடங்கியது. ஆகஸ்டு மாதக் கடைசியில் போர்டு கம்பெனி வண்டிகளைத் திரும்ப அழைத்தது. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து ஏறத்தாழ 5 லட்சத்து 75 ஆயிரம் வேன்கள்! அமெரிக்காவில் எல்லா ஊர் வண்டிகளையும் அழைக்கவில்லை. உப்புத் தூவும் 21 ராஜ்யங்களிலும், தலைநகரான வாஷிங்டனிலும் உள்ள வண்டிகளையே அழைத்தார்கள். நியூயார்க், மிச்சிகன், ஒகையோ, மாசசூசெட்ஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. வெயில் காயும் புளோரிடா அதில் இல்லை. அதே வேன், அதே இருசு. உப்பு இல்லாத ஊரில் பிழைத்துக்கொண்டது.

விரிசல் கண்ட இருசுக்குப் பதிலாகப் புது இருசு போட உத்தரவாயிற்று. விரிசல் இல்லாவிட்டால், முட்டுக்கொடுக்கும் இரும்புத் துண்டுகளை வைத்து முடுக்கினார்கள்.

ஆனால் லட்சக்கணக்கான வண்டிகள் ஒரே நாளில் சரியாகிவிடுமா? 2010 அக்டோபரில் மாசசூசெட்ஸ் ராஜ்யத்தில் ஒரு விண்ட்ஸ்டார் விபத்துக்குள்ளாயிற்று. ஓட்டிச்சென்ற வாலிபர் இறந்துபோனார். பின் இருசு இரண்டாக முறிந்திருந்தது. அறிவிப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. குடும்பத்தார் கம்பெனிமேல் வழக்குத் தொடர்ந்தார்கள்.

அத்தோடு விஷயம் முடியவில்லை. இதே வேன்களின் முன்பக்கச் சட்டத்தையும் துரு தின்னுவதாகத் தெரிந்தது. 2011 ஜனவரியில் அதற்கும் ஒரு அழைப்பு வந்தது. விண்ட்ஸ்டார் மட்டும்தான் இப்படி என்றும் நினைக்கக் கூடாது. டொயோட்டா கம்பெனியின் "சியன்னா" மினிவேனில் உபரிச் சக்கரத்தை அடியில் ஒரு இரும்புக் கயிறு தாங்கி நிற்கும். அதை உப்பு அரித்ததால், சக்கரம் பாதையில் விழுந்துவிடலாம் என்று 2010-ல் லட்சக்கணக்கான சியன்னா வேன்களைத் திரும்ப அழைத்தார்கள்.

கைமாறிய வண்டிகள்

புது வேனை வாங்குகிறவர் வசதியுள்ளவர். சில வருஷம் ஓட்டிவிட்டு விற்கிறார். அடுத்தவர் கொஞ்சம் வசதி குறைந்தவர். அவரும் விற்கிறார். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு வேன் யார் கையில் இருக்கும்? கையில் பணம் இல்லாத, வீட்டில் குழந்தைகள் அதிகமுள்ள குடும்பத்தின் கையில்! துரு முற்றுகிற நேரமும் அதுதான்.

வீடு மாறியவர்களுக்குக் கம்பெனியின் கடிதம் சேராமல் போகலாம். பழைய வண்டியை விற்கும் வியாபாரி, குறையைச் சரிசெய்துவிட்டுத்தான் விற்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய சட்டம் சொல்லவில்லை. வாடகைக் கார் கம்பெனிகளுக்கு மட்டும் 2016-ல் அப்படி ஒரு கட்டாயம் வந்தது. இந்த ஓட்டையை அடைக்காமல் வைத்திருப்பது ஏன் என்பது விளங்கவில்லை.

வருஷா வருஷம் வண்டியைச் சோதிக்கும் வழக்கம் சில ராஜ்யங்களில் உண்டு. பென்சில்வேனியாவில் உண்டு. ஆனால் டெட்ராய்ட் இருக்கும் மிச்சிகனில் அந்தக் கட்டாயமே கிடையாது!

விண்ட்ஸ்டார் 2003-ம் ஆண்டு மாடலோடு நின்றுபோயிற்று. இன்று பாதையில் அதைக் காண்பது அபூர்வம். ஆனால் பழைய வண்டிகள் குறையவில்லை. அமெரிக்காவில் ஓடும் மோட்டார்களின் சராசரி வயதே 12-க்கு மேல் ஆகிவிட்டது. உப்பும் நிற்கவில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு அங்கே ஒரு வசதி உண்டு. முன் கண்ணாடிக்கு அடியில் 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட ஒரு தகடு இருக்கும். அதைக் கொடுத்துக் கேட்டால், அந்த வண்டிக்குச் சரிசெய்யாத குறை பாக்கி இருக்கிறதா என்று சர்க்கார் இலாகாவே சொல்லிவிடும். காசு கிடையாது.

இருசு சொல்லும் சேதி

இருசு பெரும்பாலும் சொல்லாமல் முறிவதில்லை. பின் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்கிறதா? பின் சக்கரம் ஒன்று சாய்ந்து தெரிகிறதா? மேடு பள்ளத்தில் பின்னாலிருந்து "டொக், டொக்" என்று சத்தம் வருகிறதா? நேரான பாதையில் வண்டியின் பின்பக்கம் அலைகிறதா? உடனே தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், வண்டியை மேலே தூக்கவைத்துப் பார்க்க வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக் சுத்தியால் தட்டிப் பார்ப்பார். நல்ல இரும்பு கணீரென்று பேசும். துரு தின்ற இரும்பு பொத்தென்று கேட்கும்.

வீட்டில் ஜாக்கியால் மட்டும் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் நுழைந்து பார்ப்பது உயிருக்கு ஆபத்து. ஜாக்கி நழுவினால் வண்டி ஆள்மேல் இறங்கும். அதற்கென்று இரும்பு முட்டுகள் இருக்கின்றன.

குளிர்காலத்தில் அவ்வப்போது வண்டியின் அடிப்பாகத்தில் நல்ல தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் உப்புப் போகும். துருவின் மேலேயே தாரைப் பூசி மூடுகிறவர்களும் உண்டு. அது புண்ணுக்கு மேல் கட்டுப்போட்டு மறைக்கிற வேலை. உள்ளே ஈரம் அகப்பட்டுக்கொண்டு, துரு முன்னைவிட வேகமாகத் தின்னும்.

ஓடும்போதே இருசு முறிந்துவிட்டால் என்ன செய்வது? பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பக் கூடாது. இரண்டு கையாலும் உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறையக் குறைய ஓரத்துக்குக் கொண்டுவர வேண்டும். நின்ற பிறகு, ஊர் பக்கம்தானே என்று மெதுவாக ஓட்டிப் போகவும் கூடாது. பின் சக்கரத்தைத் தரையில் உருட்டி இழுத்துப் போவதும் தப்பு. தட்டையான லாரியின் மேல் முழு வண்டியையும் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.