2048-இல் அந்தாட்டிக்கா திறந்துவிடப்படுமா?

"அந்தாட்டிக்கா உடன்படிக்கை 2048-இல் காலாவதியாகிறதாமே? அதற்குப் பிறகு யாரும் போய் எண்ணெய் தோண்டலாமாமே?" பாமன்கடை ஆசிரியை ஒருவர், பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் சுற்றிய செய்தியை அப்படியே எடுத்து அனுப்பிக் கேட்டிருக்கிறார். கொட்டாஞ்சேனை வாசகர் ஒருவரிடம் அதே 2048, தென்துருவப் பனி முழுவதும் உருகி முடியும் வருடமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இன்னொருவர் கோபமாகவே எழுதியிருக்கிறார்: ஆய்வு, ஆய்வு என்று அங்கே போகிறவர்கள் எல்லாம் நிலம் பிடிக்கப் போகிறவர்கள்தானே?

முதல் இரண்டும் சீக்கிரம் தீர்க்கக்கூடிய குழப்பங்கள். மூன்றாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. ஆகவே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதற்கே.

திகதி எங்கிருந்து வந்தது?

1959 டிசம்பர் 1 அன்று வொஷிங்டனில் பன்னிரண்டு நாடுகள் கைச்சாத்திட்ட அந்தாட்டிக்கா உடன்படிக்கைக்கு முடிவுத் திகதி கிடையாது. 1961 ஜூனில் அது நடைமுறைக்கு வந்து முப்பது வருடம் கழிந்த பின், விரும்பினால் மீளாய்வு மாநாடு கேட்க இடமிருந்தது. 1991 வந்து போனது. யாரும் கேட்கவில்லை.

2048 வேறொரு பத்திரத்துக்குரிய ஆண்டு. 1991 ஒக்டோபரில் மட்ரிட்டில் கைச்சாத்தாகி, 1998 ஜனவரி 14 அன்று அமுலுக்கு வந்த சுற்றாடல் பாதுகாப்பு நெறிமுறை அது. கனிம வளங்கள் தொடர்பான எல்லா நடவடிக்கைகளையும் அதன் 7ஆவது பிரிவு தடை செய்கிறது. அமுலாகி ஐம்பது வருடம் ஆனதும், முடிவெடுக்கும் தகுதியுள்ள ஒரு நாடு மீளாய்வு மாநாடு கூட்டும்படி கேட்கலாம் என்கிறது 25ஆவது பிரிவு. 2048-க்கு இருக்கும் அர்த்தம் இவ்வளவுதான்.

மாநாடு கூடினாலும் தடை தானாக விழாது. நெறிமுறை உருவானபோது முடிவெடுக்கும் தகுதியோடு இருந்தவை 26 நாடுகள். அவற்றில் முக்கால் பங்காவது திருத்தத்துக்கு இணங்க வேண்டும். பிறகு அந்தத் திருத்தம் அமுலாவதற்கு 26 நாடுகளும் ஒன்றுவிடாமல் ஒப்புறுதி செய்ய வேண்டும். சுரங்க வேலையைக் கட்டுப்படுத்தும் சட்ட ஏற்பாடு ஒன்றும் அமுலில் இருந்தாக வேண்டும். ஆனால் ஓர் ஓட்டை உண்டு, அதை மறைக்கக் கூடாது. நிறைவேறிய திருத்தம் மூன்று வருடத்துக்குள் அமுலாகாவிட்டால், ஒரு நாடு அறிவித்தல் கொடுத்து, அதிலிருந்து இரண்டு வருடத்தில் நெறிமுறையை விட்டே வெளியேறலாம். அமெரிக்காவின் வற்புறுத்தலால் நுழைந்த வாசகம் அது.

பனியைப் பொறுத்தவரை 2048-க்கு எந்தத் தனி அர்த்தமும் இல்லை. அந்தாட்டிக்காவின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல் மட்டம் சுமார் 58 மீற்றர் உயரும். அதற்குப் பல ஆயிரம் வருடங்கள் எடுக்கும். நாம் அஞ்ச வேண்டியது அதில் ஒரு சிறு பங்கு உருகுவதற்கே. கொழும்புக்கு அது போதும்.

ஆய்வே நுழைவுச்சீட்டு

இனி அந்த மூன்றாவது கேள்வி. அந்தாட்டிக்காவில் தமக்கு நிலம் உண்டு என்று ஏழு நாடுகள் சொல்கின்றன: பிரித்தானியா, ஆர்ஜென்ரீனா, சிலி, அவுஸ்திரேலியா, நியூஸிலாந்து, பிரான்ஸ், நோர்வே. முதல் மூன்றின் உரிமைகோரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. உடன்படிக்கையின் 4ஆவது பிரிவு இவற்றை ஏற்கவும் இல்லை, நிராகரிக்கவும் இல்லை. உடன்படிக்கை நடைமுறையில் இருக்கும்வரை அங்கே யார் என்ன செய்தாலும் அது உரிமைக்கு ஆதாரமாகாது என்று மட்டும் சொல்கிறது. காணி வழக்கொன்றில், வேலி போட்டாலும் கிணறு வெட்டினாலும் கணக்கில் சேராது என்று கட்டளையிட்டுவிட்டு, தீர்ப்பைத் திகதி குறிக்காமல் ஒத்திவைத்தது போன்ற ஏற்பாடு இது. அறுபது வருடத்துக்கு மேலாக அங்கே போர் மூளாததற்கு இந்தப் பிரிவு பெரிய காரணம் என்பதை நான் மனதார ஒப்புக்கொள்கிறேன்.

தீர்ப்பு இல்லாத காணியை நிர்வகிப்பது யார்? 9ஆவது பிரிவின் இரண்டாம் பந்தி அதைச் சொல்கிறது. முதலில் கைச்சாத்திட்ட பன்னிரண்டு நாடுகளுக்கும் முடிவெடுக்கும் கூட்டத்தில் இருக்கை நிரந்தரம். பின்னால் சேரும் நாடு, நிலையம் அமைப்பது, ஆய்வுக் குழு அனுப்புவது போன்ற கணிசமான அறிவியல் ஆய்வால் தன் அக்கறையை நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கும் காலம் வரைதான் இருக்கை. முடிவுகள் எல்லாம் ஒருமித்த இணக்கத்தோடு எடுக்கப்படுவதால், இருக்கை கிடைத்த ஒவ்வொரு நாட்டுக்கும் மறுக்கும் பலம் கிடைத்துவிடுகிறது. இன்று அப்படி இருப்பவை 29 நாடுகள்.

உத்தியோகபூர்வ அறிக்கைகளில் அந்தாட்டிக்கா என்றால் சமாதானத்துக்கும் அறிவியலுக்கும் ஒப்படைக்கப்பட்ட கண்டம். 9ஆவது பிரிவைப் படித்தவன் தரக்கூடிய வரைவிலக்கணம் வேறு: ஆய்வுக்குக் காசு கட்டக்கூடிய நாடுகள் ஆளும் கண்டம்.

திகதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போலந்து 1977-இல் ஆர்க்டோவ்ஸ்கி நிலையத்தைத் திறந்தது. அதே வருடம் இருக்கை. மேற்கு ஜேர்மனி 1981-இல் நிலையமும் இருக்கையும். சீனா 1985 பெப்ரவரியில் 'பெருஞ்சுவர்' நிலையத்தைத் திறந்தது, ஒக்டோபரில் இருக்கை. இவற்றில் போலந்தும் சீனாவும் இடம் தேர்ந்தது ஒரே தீவில், கிங் ஜோர்ஜ் தீவில். தென்னமெரிக்க முனையிலிருந்து எளிதில் போய்ச் சேரலாம், கோடையில் பனியில்லாத தரை கிடைக்கும். அந்தச் சிறு தீவில் சிலி, ஆர்ஜென்ரீனா, ரஷ்யா, தென்கொரியா, பிரேசில், உருகுவே, பெரு என்று நிலையங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. ஆய்வுக்கு மிகத் தேவையான இடம் என்பதற்காக மட்டும் இத்தனை நாடுகள் அங்கே குவிந்தன என்று நம்புவது கடினம். நிலையம் கட்டாயமும் இல்லை. சொந்த நிலையமே இல்லாமல் 1990-இல் நெதர்லாந்து இருக்கை பெற்றது.

இந்தியாவின் கதை இன்னும் தெளிவானது. 1956-இல் அந்தாட்டிக்கா பற்றி ஐ.நா. பேச வேண்டும் என்று கேட்ட நாடு அது. அப்போது கதவு திறக்கவில்லை. 1981 டிசம்பரில் எஸ்.இஸட். காசிம் தலைமையில் ஒரு குழு, வாடகைக்கு எடுத்த நோர்வே கப்பல் 'போலார் சேர்க்கிள்'-இல் கோவாவிலிருந்து புறப்பட்டு, 1982 ஜனவரி 9 அன்று பனியில் கால் வைத்தது. 1983 ஓகஸ்டில் இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தது. செப்டெம்பரில் இருக்கை கையில். தட்சிண கங்கோத்ரி நிலையம் எழும்பியது அதற்குப் பின்னர்தான்.

எல்லோருக்கும் இதே வேகத்தில் கதவு திறப்பதில்லை. 2024 மே மாதம் கொச்சியில் நடந்த உடன்படிக்கை நாடுகளின் 46ஆவது கூட்டத்தில் கனடாவும் பெலாரஸும் கேட்ட இருக்கைகளுக்கு இணக்கம் எட்டவில்லை. துருவப் பனியை வீட்டு வாசலிலேயே வைத்திருக்கும் கனடாவின் ஆய்வுத் தரம் அங்கே எடைபோடப்பட்டதா, உக்ரைன் போர் எடைபோடப்பட்டதா என்று வாசகர்களே தீர்மானிக்கலாம்.

ஆனால் அங்கே நடக்கும் அறிவியல் பொய் என்று யாரும் சொல்ல வந்தால் அவரோடு வாதாட நான் தயார். பிரித்தானியாவின் ஹாலி நிலையம் 1956-இல் எழுந்தது. அங்கே வருடக்கணக்கில் ஒரே வகைக் கருவியால் ஓசோனை அளந்துகொண்டே இருந்தார்கள். பலனில்லாத வேலை என்று எண்ணத்தக்க அந்தப் பொறுமைதான், 1985-இல் ஜோ ஃபார்மன், பிரையன் கார்டினர், ஜொனதன் ஷாங்க்ளின் மூவரும் ஓசோன் ஓட்டையை உலகுக்குச் சொல்ல வைத்தது. இரண்டு வருடத்தில் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. 1989-இல் இலங்கையும் அதில் சேர்ந்தது. அந்தாட்டிக்காவின் 'டோம் சி'-யில் தோண்டி எடுத்த பனித்தூண்கள் 8 இலட்சம் வருடக் காற்றைக் குமிழிகளில் வைத்திருக்கின்றன. இன்றைய கரியமில வாயுவின் அளவு எவ்வளவு விபரீதமானது என்று நாம் அறிவது அவற்றைக் கொண்டுதான். நாடுகள் எந்த நோக்கத்தோடு போனாலும், விஞ்ஞானிகள் கொண்டுவந்தது நம் எல்லோருக்கும் உதவியது.

என்னை உறுத்துவது வேறு. மட்ரிட் நெறிமுறையின் தடையிலிருந்து ஒரே ஒரு விஷயத்துக்கு விலக்கு: அறிவியல் ஆய்வு. அறிவியல் ஆய்வு என்றால் எது என்று நெறிமுறை வரையறுக்கவில்லை. கடலடிப் பாறை அடுக்குகளை ஒலி அதிர்வால் படம்பிடிக்கும் கப்பல், கண்டங்கள் பிரிந்த வரலாற்றையும் காட்டும், எண்ணெய் தங்கியிருக்கக்கூடிய இடத்தையும் காட்டும். கப்பல் ஒன்று, கருவி ஒன்று, தரவும் ஒன்று. ரஷ்யா அங்கே எண்ணெய் கண்டுபிடித்துவிட்டது என்று வட்ஸ்அப்பில் சுற்றும் இன்னொரு கதையின் வேர் இதுதான். 'அலெக்சாண்டர் கார்பின்ஸ்கி' என்ற கப்பல் நடத்திய அளவீடுகள் பற்றி 2024 மே மாதம் பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவொன்றில் பேசப்பட்டபோது, வெடல் கடல் பகுதியில் 511 பில்லியன் பீப்பாய் என்ற எண் பத்திரிகைகளுக்கு வந்தது. அது தோண்டி உறுதிசெய்த இருப்பு அல்ல, அதிர்வுப் படங்களிலிருந்து போட்ட மதிப்பீடு. அறிவியல் என்கிறது மொஸ்கோ. அதை மறுக்கும் அளவுகோல் எந்தப் பிரிவிலும் இல்லை.

இந்தச் சிக்கல் கொழும்புக்குப் புதிதல்ல. 2023 ஒக்டோபரில் சீனாவின் 'ஷி யான் 6' நமது துறைமுகத்துக்கு வந்தபோது, மட்டக்குளி காக்கைத்தீவில் இருக்கும் நாரா என்ற தேசிய நீரியல் வள ஆராய்ச்சி நிறுவனத்தோடு கூட்டாய்வு என்று சொல்லப்பட்டது. இந்தியா வேறு விதமாகப் பார்த்தது. கடைசியில் 2024 ஜனவரியிலிருந்து ஒரு வருடத்துக்கு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்கள் எதுவும் வேண்டாம் என்று அரசாங்கம் கதவைச் சாத்தியது. அது சரியா பிழையா என்பது தனி விவாதம். நம் கடலில் நமக்கு ஒரு கதவாவது இருந்தது.

இலங்கை எங்கே நிற்கிறது?

வெளியே. அந்தாட்டிக்கா உடன்படிக்கையில் இலங்கை இல்லை. தெற்காசியாவிலிருந்து இந்தியாவும், 2012-இல் சேர்ந்த பாகிஸ்தானும் உண்டு.

இது எனக்கு வருத்தம் தருவதற்குக் காரணம் உண்டு. 1975-இல் ஐ.நா. பொதுச்சபையில் அந்தாட்டிக்காவின் வளங்கள் முழு மனிதகுலத்துக்கும் பயன்பட வேண்டும் என்ற எண்ணத்தை எழுப்பியவர் இலங்கைத் தூதுவர் ஷேர்லி அமரசிங்க. அவர் கடற்சட்டம் பற்றிய மூன்றாவது ஐ.நா. மாநாட்டின் தலைவர்; அடுத்த வருடம் பொதுச்சபைக்கே தலைவரானார். உடன்படிக்கை நாடுகள் அந்தப் பேச்சை விரும்பவில்லை. 1983-இல் மலேசியா அதை ஐ.நா. நிகழ்ச்சிநிரலில் ஏற்றி, வருடக்கணக்கில் வாதாடியது; 2011-இல் உடன்படிக்கையில் சேர்ந்து உள்ளே போய் அமர்ந்தது. மலேசியாவுக்கு முன்பே குரல் கொடுத்த நாம் இன்னும் உள்ளே போகவில்லை.

எமக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு: மேற்கு அந்தாட்டிக்காவின் பனித்திணிவு தன் ஈர்ப்பால் சுற்றுக் கடலைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் இழுவையும் குறையும். பக்கத்துக் கடல் தாழ, அந்த நீர் தொலைவில் ஏறும். சராசரியைவிடக் கூடுதலாக ஏறும் பகுதிகளில் இந்து சமுத்திரமும் ஒன்று. கொழும்பின் மழைநீர் வெள்ளவத்தை, தெஹிவளை, முகத்துவாரம் ஆகிய வாய்களால் கடலுக்குப் போகிறது. பாமன்கடையைத் தொட்டு ஓடும் கால்வாயின் சரிவு மிகக் குறைவு. வெளியே கடல் உயர்ந்தால் பெருமழையன்று உள்ளே தண்ணீர் தங்கும்.

மற்றக் கேள்விகள்

வடதுருவத்துக்கும் இதே உடன்படிக்கையா? இல்லை, அது நாடுகள் சூழ்ந்த கடல். இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008-இலிருந்து நோர்வேயின் ஸ்வால்பார்டில் இயங்குகிறது.

இராணுவம் போகலாமா? ஆயுதப் பயிற்சிக்கும் படைத்தளத்துக்கும் தடை. ஆய்வுக்கு உதவியாகப் படையினர் போகலாம், போகிறார்கள்.

நிலையங்களை யாராவது சோதிக்கிறார்களா? இருக்கையுள்ள எந்த நாடும் எந்த நிலையத்தையும் எப்போதும் சோதிக்கலாம். இருக்கையில்லாதவர்களுக்கு அந்த உரிமை கிடையாது.

இலங்கை சேர நிலையம் கட்ட வேண்டுமா? வேண்டாம். ஐ.நா. உறுப்பு நாடு எதுவும் சேரலாம்; கூட்டத்தில் அமரலாம், பேசலாம். முடிவில் பங்கு மட்டும் இருக்காது.

ஐந்தாவது சர்வதேச துருவ ஆண்டு 2032–33-இல் வருகிறது. 2048-ஐ விட அந்தத் திகதிதான் நமக்கு அவசரம். நாராவிலும் பல்கலைக்கழகங்களிலும் இருக்கும் நம் இளம் கடலாய்வாளர்கள் அதில் பங்குபற்றுவதற்கு, நாடு அதற்கு முன்பே உடன்படிக்கையில் சேர்ந்திருப்பது உதவும். இதை வாசிப்பவர்கள் தங்கள் பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் போடுங்கள். 1975-இல் நாம் எழுப்பிய விஷயத்தில் இலங்கை எப்போது கைச்சாத்திடும் என்று கேளுங்கள். பதில் வந்தால் எங்களுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், வெளியிடுவோம்.