கடல்நீர் மீன்தொட்டியில் பாசி: தேய்த்தாலும் திரும்ப வருவது ஏன்?

தொட்டி வாங்கியாச்சு. பாறை அடுக்கியாச்சு. ஒரு ஜோடி கோமாளி மீனும் வந்தாச்சு. முதல் சில வாரம் எல்லாம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் ஒருநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் வெள்ளை மணல்மேல் பழுப்புத் தூள். கொஞ்ச நாளில் பாறை முழுக்கப் பச்சை முடி. தேய்த்து எடுக்கிறீர்கள். ஒரே வாரத்தில் மறுபடியும் முளைக்கிறது.

"என்ன மருந்து ஊத்தலாம்?" பெரும்பாலானோர் முதலில் கேட்பது இதைத்தான். அதற்கு முன்பு கேட்கவேண்டிய இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உங்கள் தொட்டியில் இருப்பது எந்தப் பாசி? அது எதைத் தின்று வளர்கிறது?

பாசி மாதிரி இருப்பதெல்லாம் பாசி இல்லை

புதுத் தொட்டியில் வரும் பழுப்புத் தூள் பெரும்பாலும் டயட்டம். கண்ணாடி போன்ற ஓடு கொண்ட நுண்ணுயிர். அந்த ஓட்டைக் கட்ட அதற்குச் சிலிக்கேட் தேவை. தண்ணீரிலும் புது மணலிலும் இருக்கும் சிலிக்கேட் தீர்ந்ததும் பல தொட்டிகளில் அது தானாகவே மறைந்துவிடும். இதற்காகப் பதறவேண்டாம்.

பச்சை முடிப் பாசி வேறு கதை. நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கிடைக்கும்வரை அது வளரும். பச்சைக் கண்ணாடிக் குண்டுபோல் பாறையில் ஒட்டியிருப்பது குமிழ்ப் பாசி. அதை உடைக்காமல் அடியோடு பெயர்த்து எடுங்கள்.

சிவப்பு அல்லது கருஞ்சிவப்பு நிறத்தில், வழுவழுப்பான போர்வைபோல மணலை மூடுகிறதா? விரலால் தூக்கினால் தோல்மாதிரி உரிந்து வருகிறதா? அது பாசியே இல்லை, சயனோபாக்டீரியா. நீரோட்டம் குறைவாக, குப்பை சேரும் மூலைகளில் அதற்குக் கொண்டாட்டம். குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த மூலைக்குத் தண்ணீர் பாயும்படி பம்பைத் திருப்புங்கள். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் கடைகளில் இருக்கின்றன. ஆனால் மொத்தமாகச் செத்து அழுகும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறையும். இராத்திரியோடு இராத்திரியாக மீனும் போய்விடலாம். மருந்து கடைசி வழியாகவே இருக்கட்டும்.

ரொம்பக் குழப்புவது டைனோஃபிளாஜெல்லேட். மீன் வளர்ப்பவர்கள் சுருக்கமாக 'டைனோ' என்பார்கள். பழுப்பு நிறம், சளிபோன்ற இழை, நுனியில் காற்றுக் குமிழ். சயனோவா டைனோவா என்று சந்தேகம் வந்தால், கொஞ்சம் எடுத்துத் தொட்டி நீரோடு ஒரு பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மெல்லிய தாளில் வடிகட்டி, வடிந்த தண்ணீரை விளக்கொளியில் ஒரு மணிநேரம் வையுங்கள். மறுபடியும் இழையாகச் சேர்ந்துகொண்டால் அது டைனோவாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறோம்? முடிப் பாசிக்குச் செய்யும் வைத்தியம் டைனோவுக்கு எதிராகப் போகும். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்ஜியத்துக்கு இறங்கிய, 'ரொம்ப சுத்தமான' தொட்டியில்தான் டைனோ அடிக்கடி தலைதூக்குகிறது. போட்டிக்கு வேறு பாசியோ பாக்டீரியாவோ இல்லாததால் இடம் முழுவதும் அதற்கே. அப்போது தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் நிலைமை மோசமாகும். சில வகை டைனோவை மேய்ந்த நத்தைகள் செத்தும் போகும். அங்கே செய்யவேண்டியது, சத்துகளைக் கொஞ்சம் ஏறவிடுவது. இரவில் நீரில் மிதக்கும் வகை என்றால் புற ஊதா விளக்கு வடிகட்டியும் கைகொடுக்கும்.

எங்கிருந்து வருகிறது சாப்பாடு?

பெரும்பாலும் உங்கள் கையிலிருந்துதான். தொட்டிக்குள் போகும் நைட்ரேட்டிலும் பாஸ்பேட்டிலும் பெரும்பங்கு மீன் உணவு. மீன் தின்றாலும் கழிவாக வரும். தின்னாமல் விட்டாலும் அழுகி வரும். இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். உறைந்த இறாலோ மைசிஸோ போடுபவர்கள், அதைக் கரைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுப் போடுங்கள்.

இரண்டாவது, தண்ணீர். சிங்கப்பூர்க் குழாய் நீர் நாம் குடிக்க அருமையானது. ஆனால் அதில் கிருமிநீக்கத்துக்குக் குளோரமைன் இருக்கிறது. குளோரின் மாதிரி ஒருநாள் வாளியில் வைத்தால் பறந்துபோகாது. அதை உடைக்கும்போது அம்மோனியா மிஞ்சும். அந்த அம்மோனியா பிறகு நைட்ரேட்டாக மாறும். கூடவே சிலிக்கேட் போன்ற கனிமங்களும் இருக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் கார்பன், சவ்வு, பிசின் என மூன்று கட்டமாக வடிகட்டிய ஆர்ஓ-டிஐ நீரில் உப்பைக் கலக்கிறார்கள்.

நம் ஊர்ச் சூட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கடல்நீர்த் தொட்டியை 25, 26 டிகிரி செல்சியஸில் வைக்கவேண்டும். சில்லர் விலை அதிகம் என்பதால் பலர் மின்விசிறி மாட்டுகிறார்கள். விசிறி குளிர்விப்பதே நீரை ஆவியாக்கித்தான். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பும் மற்றதும் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்ததை நிரப்பக் குழாய் நீரை ஊற்றினால், ஒவ்வொரு நாளும் புதிதாகக் கொஞ்சம் கனிமம் உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். வெளியே போக வழியில்லை. நிரப்பும் நீர்தானே என்று அலட்சியமாக இருக்கும் இடம் இதுதான்.

மூன்றாவது, வெளிச்சம். விளக்கு ஒரு நாளைக்கு எட்டு மணிநேரம் எரிந்தால் போதும். பால்கனி வெயில் நேராக விழும் இடத்தில் தொட்டியை வைத்துவிட்டு விளக்கை மட்டும் குறைத்துப் பயனில்லை.

பரிசோதனைக் குப்பி பொய் சொல்லுமா?

பொய் சொல்லாது. ஆனால் பாதிக் கதையைத்தான் சொல்லும். பாறை முழுக்கப் பாசி, சோதித்தால் பாஸ்பேட் பூஜ்ஜியம். எப்படி? தண்ணீரில் வந்ததையெல்லாம் பாசி ஏற்கெனவே தின்றுவிட்டது. சத்து பாசியின் உடம்பில் இருக்கிறது. அதனால்தான் கையால் பிடுங்கி வெளியே எடுப்பது அவ்வளவு முக்கியம். தொட்டிக்குள்ளேயே தேய்த்து மிதக்கவிட்டால், அந்தச் சத்து அழுகித் திரும்பவும் தண்ணீரில் கலக்கும்.

பவளம் இருக்கும் தொட்டியில் நைட்ரேட் லிட்டருக்கு 5 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம் என்பது பலரும் வைத்துக்கொள்ளும் இலக்கு. பூஜ்ஜியம் இலக்கு அல்ல.

தண்ணீர் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடுமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். நைட்ரேட் 40 என்றால், 10 விழுக்காடு தண்ணீரை மாற்றினால் 36 ஆகும். வாரம் ஒருமுறை நான்கு வாரம் செய்தால் சுமார் 26. அதுவும் அந்த நான்கு வாரமும் நீங்கள் மீனுக்கு உணவே போடவில்லை என்று வைத்துக்கொண்டால்! தண்ணீர் மாற்றம் தேவை, ஆனால் அது தனியாக ஜெயிக்காது. புரோட்டீன் ஸ்கிம்மர், அடிக்கடி மாற்றும் பஞ்சு, பாஸ்பேட்டைப் பிடித்துக்கொள்ளும் இரும்பு ஆக்சைடு மணிகள் ஆகியவை கூட நிற்கவேண்டும். அந்த மணிகளை ஒரேயடியாகக் கொட்டாதீங்க. பாஸ்பேட் திடீரென இறங்கினால் பவளம் வெளுக்கும். டைனோவும் எட்டிப் பார்க்கும்.

எனக்குப் பிடித்த வழி, பாசியை வைத்தே பாசியை வெல்வது. தொட்டிக்குக் கீழே தனிப் பெட்டியில், தனி விளக்கில், 'கீட்டோ' எனும் கம்பிச்சுருள் மாதிரியான கடற்பாசியை வளர்க்கலாம். சத்தை அது தின்னும். வளர்ந்ததும் பாதியை அள்ளி எடுத்தால், சத்தும் வெளியே போய்விடும்.

மேய்ச்சல்காரர்கள்

1983இல் கரீபியன் கடலில் டயடெமா எனும் கருநிற நீளமுள் கடல் முள்ளெலிகளைக் கொள்ளைநோய் தாக்கியது. 90 விழுக்காட்டுக்கும் மேல் மடிந்தன. மேய ஆளில்லாமல், ஜமைக்கா உள்ளிட்ட இடங்களில் பவளப் பாறைகளைப் பாசி மூடிவிட்டது. அங்கே மீன்பிடிப்பால் பாசி தின்னும் மீன்களும் ஏற்கெனவே குறைந்திருந்தன. கடலுக்கே அந்த நிலை என்றால், இரண்டடித் தொட்டியைச் சொல்லவேண்டுமா?

டர்போ, டிரோக்கஸ் நத்தைகள் சிறு தொட்டிக்கு நல்ல தொடக்கம். குமிழ்ப் பாசிக்கு மரகத நண்டு. மஞ்சள் டாங் மீன் பாசியை நன்றாக மேயும் என்று கேட்டு இரண்டடித் தொட்டிக்கு வாங்கிவிடாதீர்கள். அது நீந்த நான்கடியாவது வேண்டும். விரலளவு நீண்ட முடிப் பாசியை நத்தைகள் பெரும்பாலும் தொடாது. முதலில் நீங்கள் பிடுங்கவேண்டும், அடிக்கட்டையை அவை பார்த்துக்கொள்ளும்.

பாறையைக் கொதிக்கவைக்க வேண்டாம்

இதை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீங்க. பாசி தொல்லை தாங்காமல் பாறையை வெளியே எடுத்துக் கொதிநீர் ஊற்றுவது, காய்ந்த தூரிகையால் சுரண்டுவது எல்லாம் ஆபத்து. தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கும் சோவாந்திட், பாலிதோவா வகைகள் சிலவற்றில் பாலிடாக்சின் எனும் நஞ்சு இருக்கிறது. இயற்கையில் இருக்கும் மிகக் கொடிய நஞ்சுகளில் அதுவும் ஒன்று. ஆவியிலும் தெறிக்கும் துளியிலும் அது மூச்சுக்குள் போகும்.

2018இல் பிரிட்டனின் ஆக்ஸ்ஃபர்ட்ஷியரில் ஒருவர் தொட்டிப் பவளத்தை வீட்டில் சுத்தம் செய்தபோது நஞ்சு பரவியது. அவர் குடும்பத்தில் ஆறு பேரும் உதவிக்கு வந்த தீயணைப்பாளர்கள் நான்கு பேரும் மருத்துவமனைக்குப் போனார்கள். நம் வீவக வீடுகளில் சமையலறையும் படுக்கையறையும் எவ்வளவு நெருக்கம் என்று யோசித்துப் பாருங்கள். பாறையைத் தொடும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அந்த வேலையே வேண்டாம். காய்ச்சல், இருமல், வாயில் உலோகச் சுவை, மூச்சுத்திணறல் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போய், தொட்டியில் என்ன இருக்கிறது என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பிடுங்கியதை எங்கே போடுவது?

காலர்பா எனும் கடற்பாசியும் தொட்டிகளில் வளர்க்கப்படுகிறது. சபாவில் லாத்தோக் என்று சாப்பிடும் கடல் திராட்சைக்குச் சொந்தக்காரன். அதில் ஒரு தொட்டி வகை 1984இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்தை ஒட்டிய கடலில் காணப்பட்டது. பிறகு மத்தியதரைக் கடலில் வேகமாகப் பரவியது. 2000இல் கலிஃபோர்னியாவிலும் முளைத்தது. தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே குளோரின் செலுத்தித்தான் ஒழித்தார்கள். முற்றிலும் போய்விட்டது என்று அறிவிக்க 2006 ஆகிவிட்டது.

ஆகவே, அள்ளிய பாசியைப் பையில் கட்டி ஓரிரவு ஃப்ரீசரில் வையுங்கள் (அம்மாவிடம் முதலில் சொல்லிவிடுங்கள்). மறுநாள் குப்பையில் போடலாம். பழைய தொட்டி நீரைக் கழிவறையில் ஊற்றுங்கள். புளோக்கின் கீழே ஓடும் மழைநீர்க் கால்வாயில் ஊற்றாதீர்கள். அது நீர்த்தேக்கத்துக்கோ கடலுக்கோதான் போகும்.