கசப்புத் தோலில் ஒளிந்திருந்த வாசம்

கரீபியன் கடலில் குராசோ என்றொரு தீவு. அதன் தலைநகரான வில்லம்ஸ்டாட் துறைமுகத்தில் சுற்றுலாக் கப்பல் நின்றதும், பலர் ஊர் நினைவாகத் தேடி வாங்குவது ஒரு நீல நிற மதுப் புட்டி. தீவின் பெயர்தான் அதற்கும்.

16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர்கள் அங்கே ஆரஞ்சு மரங்களை நட்டார்கள். மழை குறைவு, மண்ணும் வறண்டது. பழம் வாயில் வைக்க முடியாதபடி கசந்தது. அப்படியே விட்டுவிட்டார்கள். மரங்கள் தாமாகவே வளர்ந்து நின்றன. அந்தப் பழத்தின் தோலை வெயிலில் உலர்த்தினால் அருமையான மணமுள்ள எண்ணெய் கிடைக்கும் என்பது வெகுகாலம் கழித்தே தெரியவந்தது. ஒதுக்கப்பட்ட பழம் ஒரு தீவின் அடையாளமாக ஆனது எத்தனை அழகான கதை! லாராஹா என்பது அந்தப் பழத்தின் உள்ளூர்ப் பெயர். சோபோலோபோ என்ற பழைய பண்ணை மாளிகையில் இன்றும் அந்தத் தோலைக் கொண்டு மது தயாரிக்கிறார்கள்; பார்வையாளர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். நீலம் வெறும் சாயம்தான். நிறமில்லாத புட்டியிலும் சுவை அதுவே.

வாங்கிய புட்டியைப் பெரும்பாலான கப்பல்களில் ஏறும்போதே ஊழியர்கள் வாங்கி வைத்துக்கொண்டு, பயண முடிவில் திருப்பித் தருவார்கள். ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள். விமானத்தில் ஊர் திரும்புவோர், துணியில் நன்றாகச் சுற்றிப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிடுங்கள். இந்தியாவுக்குள் 2 லிட்டர் வரை சுங்கவரி கிடையாது.