தாமதமான செய்தியும் தவறான செய்திதான்

எங்க ஊர் சங்கரன்கோவில் வழியாகப் போகும் விருதுநகர் - தென்காசி ரயில் தடம் ஒற்றைத் தடம். எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகள் ஏதாவது ஒரு ஸ்டேஷனில்தான் ஒதுங்கிக்கொள்ள முடியும். கிராஸிங்குக்காக நிற்கும் வண்டியில் சலித்துக்கொள்ளாதவர் இந்தப் பக்கம் யாரும் இருக்க மாட்டார்கள். அந்தக் காத்திருப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர்காரர்கள் இன்னமும் மண்டையை உடைத்துக்கொள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. தள்ளித் தள்ளி இருக்கும் பல பேர், குறித்த நேரத்துக்குள், ஒரே முடிவுக்கு வர வேண்டும். நடுவில் ஒருவர் பழுதாகிப் போனாலும் சரி, வந்தாக வேண்டும்.

பழைய ஒற்றைத் தடங்களில் டோக்கன் உருண்டையை வைத்து இதைச் சமாளித்தார்கள். இரண்டு ஸ்டேஷன்களிலும் ஆளுக்கொரு பெட்டி, நடுவே கம்பி. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் அங்கிருந்து சம்மதித்தால்தான் இங்கே உருண்டை வெளியே வரும். உருண்டை கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்க மாட்டார். கம்பி அறுந்துவிட்டதா? உருண்டை வராது, அவ்வளவுதான். பதில் வரவில்லை என்றால் 'போகாதே' என்று பொருள்.

ரெண்டு பேருக்குள் இது சரி. பத்து வண்டி, நாலு ஸ்டேஷன் என்று கூட்டம் பெருத்தால்? அங்கேதான் 'கவச்' வருகிறது. 2016 பிப்ரவரியில் பயணிகள் வண்டிகளில் சோதித்து, 2020-ல் நாடு முழுக்கவுமான பாதுகாப்பு முறையாக ரயில்வே ஏற்றுக்கொண்டது. இன்ஜினும் ஸ்டேஷனும் ரேடியோவில் பேசிக்கொள்ளும். ஆபத்து என்றால் இன்ஜின் தானே பிரேக் போடும்.

நம்ம வீட்டு வைஃபையும் ரேடியோதான். ஆனா அங்கே யாருக்கு எப்போ பேசத் தோன்றுகிறதோ அப்போ பேசலாம். ரெண்டு மெசேஜ் முட்டிக்கொண்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பும். சராசரியில் வேகம் பிரமாதம். ஆனால் ஒரு குறிப்பிட்ட மெசேஜ் எத்தனை நொடிக்குள் நிச்சயம் போய்ச் சேரும் என்று கேட்டால் பதில் கிடையாது. சினிமா பார்க்க அது போதும், ரயிலை நிறுத்தப் போதாது.

கவச்சில் நேரத்தை 2 நொடிச் சுற்றுகளாக வெட்டி, ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டைக் கொடுத்துவிடுகிறார்கள். உன் துண்டில் நீ மட்டும் பேசு. எல்லோருடைய கடிகாரமும் செயற்கைக்கோள் நேரத்தைப் பார்த்து ஓடும். கேட்க மந்தமாகத் தெரியலாம், ஆனால் இப்போது கணக்குப் போட முடிகிறது. மணிக்கு 130 கிலோமீட்டரில் ஓடும் வண்டி 2 நொடியில் சுமார் 72 மீட்டர் போகும். அடுத்தடுத்து ரெண்டு மெசேஜ் தொலைந்தாலும் இடைவெளி 6 நொடி, அதாவது சுமார் 216 மீட்டர். பிரேக் தூரத்தோடு இதையும் கூட்டிக்கொண்டால் போயிற்று. எனக்கு இதில் மிகவும் பிடித்த இடமே இதுதான். மோசமான நிலைமைக்கும் ஒரு எண் இருக்கிறது.

இன்னொரு லாபமும் உண்டு. துண்டு குறித்தாகிவிட்டதால் மௌனமும் ஒரு செய்தியாகிவிடுகிறது. தன் முறை வந்தும் ஒருவர் பேசவில்லை என்றால், 'இவர் கூட்டத்தில் இல்லை' என்று மற்றவர்கள் உடனே முடிவு கட்டலாம். வியன்னாவில் ஹெர்மன் கோபெட்ஸ் உருவாக்கிய டிடிபி என்ற நெறிமுறையில் யார் உயிரோடு இருக்கிறார் என்ற பட்டியலையே சேர்த்துப் பரப்புவார்கள்.

பேசாமல் போகிறவரைச் சமாளிப்பது சுலபம். ஆளுக்கொரு விதமாக மாற்றிச் சொல்பவர்தான் பெரிய தலைவலி. அப்படிப்பட்ட ஒருவர் இருந்தாலும் மற்றவர்கள் ஒத்துப்போக, மொத்தம் குறைந்தது நாலு பேர் வேண்டும். வெறும் வாய்மொழிச் செய்திகள் என்றால் மூன்று பேரால் முடியாது என்று லாம்போர்ட், ஷோஸ்டாக், பீஸ் மூவரும் 1982 கட்டுரையில் காட்டினார்கள்.

ஆனா எல்லோரும் ஒத்துப்போனாலே அது உண்மை என்றாகிவிடாது. 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே 290 பேருக்கு மேல் இறந்தார்கள். தடம் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. சிக்னலோ மெயின் லைனுக்குப் பச்சை காட்டியது. சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றத்தில் நேர்ந்த தவறு என்றது விசாரணை. அந்தத் தடத்தில் கவச் இல்லை. இருந்திருந்தாலும், மெயின் லைன் திறந்திருக்கிறது என்ற அதே பொய்யைத்தான் ஸ்டேஷன் அதற்கும் ஊட்டியிருக்கும். அங்கே உதவக்கூடியது, ஒயரைத் தொட்டு வேலை முடித்த பிறகு ஒரு ஆள் தடத்தில் இறங்கி, பாயின்ட் நிஜமாக எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கண்ணால் பார்த்துப் பேனலோடு ஒப்பிடும் சோதனை.