அம்மா ஒலிம்பிக் சாம்பியன்... அம்மாவுக்கே தெரியாது, தெரியுமா?

75 வயது வாக்கில் ஒருவருக்குச் சேதி வருகிறது: ‘உங்கள் அம்மா ஒலிம்பிக்கில் முதலிடம் பிடித்தவர்!’ எப்படி இருக்கும்? அமெரிக்கத் திரைக்கதை ஆசிரியர் பிலிப் டன்னுக்கு 1980-களில் நிஜமாகவே இது நடந்தது! அம்மா மார்கரெட் அபட் 1955-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். தான் ஒலிம்பிக் சாம்பியன் என்று கடைசிவரை அவருக்கும் தெரியாது!

அதெப்படித் தெரியாமல் போகும் என்கிறீர்களா? 1900 பாரீஸ் ஒலிம்பிக் ஒரு கூத்து! உலகக் கண்காட்சியோடு கண்காட்சியாக மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை, ஐந்து மாதத்துக்கு மேல் இழுத்துக்கொண்டே போனது. எது ஒலிம்பிக், எது கண்காட்சிப் போட்டி என்று ஆடியவர்களுக்கே குழப்பம்! பாரீஸில் ஒரு கோல்ஃப் பட்டம் ஜெயித்தேன் என்று மட்டும்தான் மார்கரெட் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார்.

அவர் பாரீஸுக்குப் போனதே ஆடுவதற்கு இல்லை, ஓவியம் படிக்க! கண்ணில் பட்ட போட்டியில் பெயர் கொடுத்தார், அவ்வளவுதான். மொத்தமே 10 பெண்கள். தரையைக் கூட்டும் நீளப் பாவாடையோடுதான் ஆட்டம்! பிரெஞ்சுப் பெண்கள் சிலர் குதிகால் செருப்பும் இறுக்கமான பாவாடையுமாக வந்துவிட்டார்களாம். புல்வெளியில் குதிகால் செருப்பு! நினைத்துப் பாருங்கள்! 9 குழிகளையும் 47 அடியில் முடித்து மார்கரெட் முதலிடம். அடுத்தவருக்கு 49. இரண்டே அடி வித்தியாசம்!

தங்கப் பதக்கம் எங்கே என்று கேட்காதீர்கள், அந்த வழக்கம் 1904-ல்தான் வந்தது! மார்கரெட்டுக்குக் கிடைத்தது தங்க வேலைப்பாடு கொண்ட ஒரு பீங்கான் கிண்ணம். ஒலிம்பிக்கில் முதலிடம் பிடித்த முதல் அமெரிக்கப் பெண்ணுக்கு ஒரு கிண்ணம்!

இன்னொன்று கேளுங்கள். அதே போட்டியில் அவருடைய அம்மா மேரியும் ஆடினார்! பாரீஸ் பற்றிப் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி நூல் எழுத வந்தவர், மட்டையையும் கையில் எடுத்துவிட்டார். 65 அடிகள், ஏழாவது இடம்! ஒரே ஒலிம்பிக்கில், ஒரே போட்டியில் தாயும் மகளும்! அதற்கு முன்னும் இல்லை, இதுவரை பின்னும் இல்லை!

சரி, உண்மை எப்படி வெளியே வந்தது? ஃபுளோரிடா பல்கலைக்கழகப் பேராசிரியை பவுலா வெல்ச் ‘மார்கரெட் அபட்’ என்ற பெயரைப் பிடித்துக்கொண்டு பழைய செய்தித்தாள்களைக் கிளறினார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஏறக்குறைய பத்து வருடம்! கல்யாணத்துக்குப் பிறகு ‘அபட்’ போய் ‘டன்’ ஆகிவிட்டதே, சுலபமாகக் கிடைப்பாரா? கடைசியில் மகன் கிடைத்தார்.

ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃப் அதோடு நின்றது. திரும்பி வந்தது எப்போது? 2016 ரியோவில்! 116 வருட இடைவெளி! தென்கொரியாவின் இன்பீ பார்க் ஜெயித்தபோதுதான் மார்கரெட்டுக்கு வாரிசு கிடைத்தார்.

எனக்கு மயக்கமே வந்த தகவல் இனிமேல்தான். மார்கரெட் பிறந்த ஊர் எது? கல்கத்தா! 1878-ல், அங்கே வியாபாரம் செய்த அமெரிக்கரின் மகளாக! அதே பாரீஸில் 200 மீட்டர் ஓட்டத்திலும் 200 மீட்டர் தடை ஓட்டத்திலும் இரண்டாமிடம் பிடித்தாரே நார்மன் பிரிட்சார்ட், அவர் பிறந்ததும் கல்கத்தாதான்! அதோடு விட்டதா? பிரிட்சார்ட் பிற்பாடு நார்மன் டிரெவர் என்ற பெயரில் ஹாலிவுட் நடிகரானார், 1929-ல் இறந்தார். மார்கரெட்டின் மகன் பிலிப் டன் ஹாலிவுட்டுக்கு வந்தது எப்போது? 1930-ல்!